விடச் சொன்ன குரல்

பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும்போது பூபாலண்ணன் எதற்காகத் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்று ஜெர்வினுக்குப் புரியவில்லை. ஹோட்டல் வாசலில் வரிசையாக ஏறும்போதே கடைசிக்கு முந்தின ஜன்னல் ஓரத்தைப் பார்த்து வைத்திருந்தான், பையைப் பக்கத்து இருக்கையில் போட்டு யாரும் வராதபடி செய்திருந்தான், அவரோ பையை எடுத்து மேலே தட்டில் வைத்துவிட்டு, ஏதோ தினமும் அங்கேயே உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவருடைய இடம் முன்னால், கோச் சுகுமாரன் சாருக்குப் பின் இருக்கை. பன்னிரண்டு வருஷமாக எந்த கிளப்புக்கு ஆடினாலும் அங்கேதான் உட்காருவாராம், கேப்டன்கள் அங்கேதான் உட்காருவார்கள். இன்றைக்கு அவர் கேப்டன் இல்லை, முதல் பதினொன்றிலேயே இல்லை, காலையில் மீட்டிங்கில் சார் பெயர்களைப் படித்தபோது டிஃபென்ஸ் வரிசையில் பூபாலன் என்ற பெயர் வரவேண்டிய இடத்தில் ஜெர்வின் என்று வந்தது. அப்போது அவன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம், பார்த்திருந்தால் இப்போது இப்படி ஓரக்கண்ணால் அவருடைய முட்டியையும் கையையும் பார்த்து எதையாவது கண்டுபிடிக்க முயல வேண்டியிருக்காது. கை மடியில் சும்மா இருந்தது. இடத்தைப் பறிகொடுத்தவனின் கை அப்படிச் சும்மா இருக்குமா. “இன்னா தம்பி, வெயில் அடிக்குதா, ஸ்க்ரீன இழுத்துக்கோ,” என்றார். “இல்லண்ணே, பரவால்ல,” என்றான். கொள்ளாம் என்றுதான் நாக்கில் வந்தது, மாற்றிக்கொண்டான். கிளப்புக்கு வந்த புதிதில் ஒருமுறை கொள்ளாம் என்று சொல்லி மெஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், கொஞ்ச நாள் அவனை மலையாளி என்றே கூப்பிட்டார்கள். அதிலிருந்து வாயைத் திறப்பதற்கு முன்னால் தன் ஊரான குளச்சலின் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு டிவியில் பேசுகிற மாதிரி ஒரு தமிழை மாட்டிக்கொள்கிறான், ஆட்டத்துக்கு முன்னால் சொந்தச் சட்டையைக் கழற்றி கிளப் சட்டை போடுவது மாதிரி.

காலையில் முட்டையை உரித்து வைத்ததும் அவர்தான். தட்டை எடுத்துக்கொண்டு அவன் திரும்புவதற்குள் மேசையில் உரித்த முட்டை இரண்டு இருந்தது, அவர் தன் டீயைக் குடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஃபிசியோ வேறொருத்தனுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, காலைக் கொண்டா என்று சொல்லி அவனுடைய கணுக்காலுக்கு டேப் சுற்றிவிட்டதும் அவர்தான். அறைக்குப் போனதும் ஜெர்வின் கதவைச் சாத்திவிட்டு அந்த டேப்பை முழுக்கப் பிரித்து மறுபடி தானே சுற்றிக்கொண்டான். பிரிக்கும்போது தெரிந்தது, நன்றாகத்தான் சுற்றியிருந்தார், அவன் சுற்றியதைவிட நன்றாக. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. கெடுதல் செய்ய நினைக்கிறவன் முதலில் நல்லதைச் செய்து பழக்குவான், முட்டை, டேப், தம்பி என்ற கூப்பிடல், ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்று எது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படுவதுதான் டிஃபெண்டரின் வேலை என்று சுகுமாரன் சாரே சொல்லியிருக்கிறார். முன்னால் வருகிறவன் தோளை அசைத்தால் தோளை நம்பாதே, கண்ணை நம்பாதே, லைன்ஸ்மேன் கொடி தூக்குவான் என்று நம்பி நிற்காதே. பத்தொன்பது வயதில் அவனுக்கு அது ஒன்றுதான் யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்தது. செலெக்‌ஷனுக்கு முதல்முதலாக மதுரைக்குப் போனபோது ராத்திரி பூட்ஸைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினான், மற்ற பையன்கள் சிரித்தார்கள், காலையில் அவர்களில் ஒருத்தனுடைய பூட்ஸைக் காணவில்லை. ரிசர்வ் டீமில் இரண்டு சீசன் உட்கார்ந்திருந்தபோது, உன்னைப் பெரிய கிளப்பில் சேர்க்கிறேன் என்று ஒரு ஏஜென்ட் வந்தான், சேர்க்கவில்லை. யாரையும் நம்பாததால்தான் இவ்வளவு தூரம் வந்தான். ஒரே ஒரு முறை, போன ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு குரலை நம்பினான்.

விடு. அந்தக் குரல் அதைத்தான் சொன்னது. கடைசிக் கால் மணி நேரத்துக்குத்தான் அவனை இறக்கினார்கள், ரைட் சைடில் ஆடினவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால். முதல் ஆட்டம். கால் தரையில் பட்டதா என்பதே தெரியவில்லை, புல் அவ்வளவு பச்சையாக இருந்தது, ஜனங்களின் சத்தம் ஒரே சுவராக நின்றது. முதல் பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினான், இரண்டாவதைக் காலால், பூபாலண்ணன் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார், எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் அந்த உயரப் பந்து. நடு மைதானத்திலிருந்து எவனோ கண்ணை மூடிக்கொண்டு அடித்தது, ஆபத்தே இல்லாத பந்து, அவன் தலைக்கு நேராக வந்து இறங்கியது, இரண்டடி பின்னால் போய் முட்டினால் முடிந்தது. பின்னால் போனான். அப்போதுதான், காதுக்குப் பக்கத்திலேயே, விடு. அவன் குனிந்தான். கோல்கீப்பர் தோய்பா பிடித்துக்கொள்ள வெளியே வருகிறான், அதைப் பார்த்துத்தான் பூபாலண்ணன் சொல்கிறார் என்று உடம்பே முடிவு செய்துவிட்டது. தோய்பா வரவில்லை. அவன் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். பந்து தரையில் ஒருமுறை எகிறி, ஜெர்வினின் முதுகுக்குப் பின்னால் நின்ற எதிர் டீமின் நெட்டை ஃபார்வர்டின் நெஞ்சில் போய் விழுந்தது, அவன் சிரித்துக்கொண்டே உள்ளே தள்ளினான், நிஜமாகவே சிரித்தான், இப்படியும் ஒருத்தன் தருவானா என்று. ஆட்டம் அந்த ஒரு கோலில் போனது. இரவில் யாரோ அதை மட்டும் வெட்டி நெட்டில் போட்டிருந்தார்கள், பத்து விநாடிக் காட்சி, பந்து வருகிறது, ஒரு பையன் கும்பிடுகிற மாதிரி குனிகிறான். ஊரில் அம்மா போன் பண்ணி, “பந்து ஒன்ன முட்டிச்சா மக்கா, அதுக்காண்டியா குனிஞ்ச?” என்று கேட்டாள். அப்பா சேசடிமை மீன் பிடிக்கக் கடலில் இருந்தார். கரைக்கு வந்ததும் யாராவது அவருக்குக் காட்டுவார்கள்.

பாலத்துக்கு அடியில் சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த ஒரு சின்னப் பெண் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக் கையை ஆட்டினாள், ஜெர்வின் ஆட்டவில்லை, பூபாலண்ணன் அவன் மேல் சாய்ந்து ஆட்டினார். அவர் மேல் தைல வாசனை வந்தது. முட்டியில் போடுகிற தைலம். திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் அந்த வாசனை அறை முழுக்க இருந்தது. சார் அந்தக் காட்சியை ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். “ஏண்டா விட்டே?” என்று கேட்டார், கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு கண்கள். அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருக்குமா, ரிசர்வுக்கே திருப்பி அனுப்புவார்களா, சீசன் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்களா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. “பூபாலண்ணன் விடுன்னு சொன்னாரு சார்.” திரையில் பூபாலண்ணனின் வாய் திறந்திருந்தது, ஆனால் ஆட்டம் முழுக்க அவர் வாய் திறந்துதான் இருக்கும், தொண்ணூறு நிமிஷமும் கத்துகிறவர், மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறவனுக்கும் அவர் குரல் கேட்கும் என்பார்கள். வீடியோவில் அவர் குரல் இல்லை, கூட்டத்தின் இரைச்சல்தான் இருந்தது. சார் அவரைப் பார்த்தார். அவர் ஜெர்வினைப் பார்த்தார். “சொல்லிருப்பேன் சார்,” என்றார். “ஞாபகம் வர்ல.”

அந்த இடத்தில்தான் எண்ணம் ஒவ்வொரு முறையும் போய்ச் சிக்கிக்கொள்கிறது. சொல்லாதவன் என்றால் இல்லை என்று கத்தியிருப்பான். நான் எப்போது சொன்னேன், பொய் சொல்கிறாயா என்று எழுந்து வந்திருப்பான். அவருக்கு என்ன பயம், கேப்டன், எல்லோரும் அவர் பக்கம். ஆனால் சொல்லிருப்பேன் என்றார். சொன்னவன்தான் அப்படிச் சொல்வான். அப்படியானால் ஏன் சொன்னார் என்ற கேள்வி வருகிறது. தோய்பா வரவில்லை என்று தெரிந்தே சொன்னாரா. முட்டி போய்விட்டது, வயதாகிவிட்டது, கீழேயிருந்து ஒரு பையன் ஏறி வருகிறான், அவனை முதல் ஆட்டத்திலேயே கவிழ்த்துவிட்டால் இன்னும் ஒரு சீசன் தள்ளலாம். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியானால் கவிழ்ந்தவன் எப்படி இன்றைக்கு உள்ளே, கவிழ்த்தவர் எப்படி வெளியே. அதுவும் ஒரு திட்டமா. இன்றைக்கு வருகிற டீமின் பதினோராம் நம்பரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்த சீசனில் அவனைத் தடுத்தவர்களே இல்லை. அவன் முன்னால் இவனைத் தனியாக நிறுத்தி, ஒரேயடியாகக் கவிழ்க்க. வாரம் முழுக்க பிராக்டிஸில் பூபாலண்ணன் வாயே திறக்கவில்லை. அது எல்லோருக்கும் விசித்திரமாக இருந்தது, தோய்பாகூட அரைகுறைத் தமிழில், அண்ணா, தொண்டை சரியில்லையா என்று கேட்டான். சும்மா தலையாட்டினார். கத்தாத பூபாலன். எதையோ மனதில் வைத்திருக்கிறவன்தான் அப்படி வாயை மூடிக்கொள்வான்.

“அந்த பதினொன்னு இருக்கான் பாரு,” என்றார் பூபாலண்ணன் திடீரென்று, மெதுவாக, முன்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்காதபடி. “அவன் வெளிய ஓடுற மாதிரி காட்டுவான். போவ மாட்டான். உள்ளதான் வருவான். நீ அவன் பின்னாடி ஓடாத. நில்லு. நின்னா அவனுக்கு இன்னா பண்றதுன்னு தெரியாது.” ஜெர்வின் தலையாட்டினான். வந்துவிட்டது, இதுதான் அந்தக் கடைசி ஒன்று. நில்லு என்கிறார். நின்றால் அவன் வெளியே ஓடிவிடுவான், நிற்கிற மரத்தைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்விடுவான், மறுபடியும் பத்து விநாடிக் காட்சி. அன்றைக்கு விடு, இன்றைக்கு நில்லு. ஆனால் அவரே உண்மையைச் சொல்கிறவராக இருந்து, அவன் அவரை நம்பாமல் ஓடினால், உள்ளே வந்து அடித்துவிடுவான். நம்பினாலும் போச்சு, நம்பாவிட்டாலும் போச்சு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே அவனுடைய இரண்டு காலையும் கட்டிவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரர். “எத்தன மேட்ச்ல அவன பாத்திருக்கீங்கண்ணே?” என்று கேட்டான், குரலில் ஒன்றும் தெரியாதபடி. “மூணு தடவ என்ன அழ உட்டுருக்கான்,” என்றார் அவர். சிரிக்கவில்லை.

ஸ்டேடியத்துக்குத் திரும்புகிற தெரு குறுகலானது. முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே நின்று, பஸ் முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். பூபாலண்ணன் இருக்கையிலிருந்து எழுந்து, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, வாரம் முழுக்கத் திறக்காத அந்தத் தொண்டையைத் திறந்தார். “ஹாரன உடுண்ணே. அவன உடு, அவன் போவட்டும், அப்பால நம்ம போலாம்.” பஸ்ஸே அதிர்ந்தது. முன்னால் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், கேப்டனுக்குத் தொண்டை வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார். ஜெர்வின் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டான். உடு. உடு என்றார். இரண்டு வருஷமாக ரிசர்விலிருந்து பிராக்டிஸுக்கு வந்து இந்தக் குரலைக் கேட்டிருக்கிறான், உடு, உட்ரு, உடாத, வியாசர்பாடியில் பிறந்த வாய்க்கு அது அப்படித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைக் குரலை எடுத்து அந்த வார்த்தையை அதில் வைத்துப் பார்த்தான். உட்காரவில்லை. அந்தக் குரலில் உடு இல்லை. விடு என்று வைத்தான். அதுவும் சரியாக உட்காரவில்லை, வால் பக்கம் ஏதோ கொஞ்சம் மிச்சம் தொங்கியது. இந்த வாரம் முழுக்க எத்தனை முறை அந்தக் குரலைத் திருப்பிப் போட்டிருக்கிறான், இந்த வாலை எப்படிக் கவனிக்காமல் போனான். கண்ணை மூடினான். பந்து இறங்குகிறது, இரண்டடி பின்னால், காதுக்குப் பக்கத்தில். விட்ருலே. விட்ருலே மக்கா. திங்கட்கிழமை சார் கேட்டபோது அந்த லே-யைக் கழற்றிவிட்டு, மெஸ்ஸில் யாரும் சிரிக்காத ஒரு வார்த்தையாக ஆக்கி, விடு என்று சொன்னான். சொன்ன பிறகு அந்த வார்த்தையே நினைவாகிப்போனது.

மைதானத்தில் அன்றைக்கு லே என்று சொல்ல யார் இருந்தார்கள். தோய்பா மணிப்பூர்க்காரன். தன் டீமில் மற்ற தமிழர்கள் எல்லாம் சென்னைப் பக்கம். அந்த நெட்டை ஃபார்வர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன். எதிர் டீமில் மற்ற எல்லோரும் கோவா, வங்காளம். கூட்டம் அவ்வளவு தூரத்தில் இருந்தது, அந்தக் குரலோ காதுக்குள் இருந்தது. அந்தத் தமிழைப் பேசுகிறவன் அங்கே ஒருத்தன்தான். கடற்கரை மணலில் ஆடும்போது பந்து தண்ணீருக்குள் போனால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், விட்ருலே, தெர கொண்டு தரும், ஓடிப்போய் எடுக்க வேண்டாம், நின்றால் போதும், அலை கொண்டுவந்து காலடியில் போட்டுவிடும். அவ்வளவு உயரத்திலிருந்து பந்து வந்தபோது, அவ்வளவு கண்கள் மேலே இருந்தபோது, பயந்துபோன பையன் ஒருத்தன் அவனுக்கு உள்ளேயிருந்து சொன்னான். இவன் கேட்டான். வெளியே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி நெற்றியில் அதிர்ந்துகொண்டே இருந்தது, பஸ் நகரத் தொடங்கியிருந்தது. இல்லை, ஒருவேளை அவர் உடு என்று சொல்லி, தன் காது அதை ஊர்ப் பேச்சாக மாற்றிக் கேட்டிருக்கலாம், அப்படியும் இருக்கலாமே என்று மனம் அவசரமாக ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகப் போய்விடத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் குரலில் கரகரப்பே இல்லை, அது ஒரு பையனின் குரல். அவனுக்கு இப்போது அது தெரிந்துவிட்டது.

அப்படியானால் சொல்லிருப்பேன் என்று இவர் ஏன் சொன்னார். “அண்ணே,” என்றான். “அன்னைக்கு மீட்டிங்ல ஏன் இல்லன்னு சொல்லல?” பூபாலண்ணன் முட்டியைத் தேய்த்தார். “நீ சொன்ன, நான் நம்பிட்டேன்,” என்றார். “ஆட்டத்துல நான் ஆயிரம் கத்துறேன் தம்பி. முடிஞ்சா ஒன்னும் நெனப்புல நிக்காது. நீ பொய் சொல்ற புள்ளயும் இல்ல. அப்ப நான்தான் சொல்லிருக்கேன். கீப்பர் வராதப்ப உடச் சொல்லிருக்கேன்னா எனக்கு கண்ணு போச்சு, இல்ல மூள போச்சு. மொத மேட்ச் ஆட வந்த புள்ளய நாசம் பண்ணிட்டேன்னு வூட்ல போய் சொன்னேன், என் பொண்டாட்டி நம்பவே இல்ல. சாரா என்ன வெளிய எடுக்கல, தெரியுமா. நான்தான் போய் கேட்டேன். வாயத் தெறக்கவே பயமா இருந்தா அவன் இன்னா டிஃபெண்டர். இந்த சீசனோட போதும்னு சொல்லிட்டேன்.” ஜெர்வின் அவருடைய கையைப் பார்த்தான். மடியில் சும்மா இருந்த அந்தக் கையை அவன் எத்தனை விதமாகப் படித்தான். முட்டையை, டேப்பை, மௌனத்தை, எல்லாவற்றையும் படித்தான். ஒவ்வொன்றிலும் தனக்கு எதிராக ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. அது எதிலும் இல்லை, குற்றம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன் அவனைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், அவ்வளவுதான். ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் கூரைகளுக்கு மேலே தெரிந்தன. இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் முதல் பதினொன்றில் ஒருத்தனாக உள்ளே போவான். அப்பா ஒருவேளை கரைக்கு வந்திருப்பார். சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம், யாருக்கும் தெரியாது, அந்தக் குரலைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். ஆட்டம் முடிந்து சொல்லலாம். நன்றாக ஆடிவிட்டால் சொல்லலாம். மோசமாக ஆடினால் எப்படியும் சொல்லலாம். விட்ருலே என்று அந்தப் பையன் உள்ளேயிருந்து மறுபடி சொன்னான், தெளிவாக, காதுக்குப் பக்கத்தில்.

“நீங்க சொல்லலண்ணே,” என்றான் ஜெர்வின். “எனக்கு இப்பம்தான் தெரிஞ்சது. நீங்க உடுன்னுதான சொல்லுவிய. நான் கேட்டது எங்க ஊருப் பேச்சு. நானாட்டே பேடிச்சு, பயந்து விட்டதுதான். ஒங்க மேல போட்டுட்டேன்.” கிளப்புக்கு வந்ததிலிருந்து அவன் அவ்வளவு நீளமாக அந்தப் பேச்சில் பேசியதில்லை. பூபாலண்ணன் திரும்பி அவனைப் பார்த்தார். கோபமாக இல்லை, கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது முகம். உதடு லேசாக அசைந்தது, உடு, விடு என்று அவரும் சொல்லிப் பார்க்கிறார் என்று தோன்றியது. “நெஜமாவா?” என்றார். “நெசம்ணே.” “நான் சொல்லல.” “இல்லண்ணே.” பெரிதாக மூச்சு விட்டார். பிறகு அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆடும் பஸ்ஸில் முன்னால் நடந்தார். சாருடைய இருக்கைக்குப் பக்கத்தில் குனிந்தார். இரண்டு தலைகளும் சேர்ந்தன. சார் ஏதோ கேட்டார், இவர் கையை ஆட்டிப் பதில் சொன்னார், பிறகு இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிக் கடைசிக்கு முந்தின இருக்கையைப் பார்த்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அடுத்தவன் மனதில் என்ன இருக்கிறது என்று அவன் தோண்டிக்கொண்டிருக்கவில்லை.

பஸ் கேட்டுக்குள் நுழைந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். சுகுமாரன் சார் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவன் வரும்வரை காத்திருந்தார். “டீம் லிஸ்ட்ட ரெஃப்ரிகிட்ட இன்னும் குடுக்கல,” என்றார். “இன்னைக்கு நீ வெளிய உக்காரு. நாளைக்குக் காலைல என்ன வந்து பாரு.” ரிசர்வா, வீடா, இன்னொரு வாய்ப்பா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “சரி சார்,” என்றான். இறங்கினான். பஸ்ஸின் பக்கவாட்டுச் சாமான் அறையிலிருந்து பூபாலண்ணன் தன் பூட்ஸ் பையை உருவிக்கொண்டிருந்தார். ஜெர்வின் பக்கத்தில் போய் நின்றான். “அண்ணே.” அவர் நிமிரவில்லை, பையின் ஜிப்பை இழுத்துச் சரிபார்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு வாரம் தூங்கல நானு,” என்றார். “அத அப்பால பேசலாம். இப்ப எனக்கு மேட்ச் இருக்கு.” வேகமாக நடந்து, சாய்வான பாதையில் இறங்கி, இருட்டான அந்த வாசலுக்குள் போனார். ஜெர்வின் தன் பையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போனான். உள்ளே போவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. யாரையோ, எதற்கோ, சுவரெல்லாம் எதிரொலிக்க ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார், அது யாருடைய குரல் என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.